எந்திரம் வந்தது, கப்பலில் ஆட்களும் வந்தார்கள்: கரும்பாலை வழியே தொழில்மயமாதல்

மொரிசியஸில் தொழில்மயமாதல் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகளை அடிக்கடி கேட்கலாம். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்து தையல் ஆலைகள் எழும்வரை இங்கே இருந்தது வெறும் விவசாயம்தான் என்பது ஒன்று. எந்திரம் வந்தால் ஆட்களுக்கு வேலை போய்விடும், தொழில்மயமாதலின் சாரமே அதுதான் என்பது மற்றொன்று.

கரும்பாலையின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்காது. இந்தத் தீவின் ஆலைகளுக்கு நீராவி எந்திரம் 1820களிலேயே வந்துவிட்டது. 1834 நவம்பர் 2 அன்று ‘அட்லஸ்’ கப்பல் 36 இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு தலைநகர் போர்ட் லூயிஸ் வந்து சேர்ந்தது. அதன்பின் 1920கள் வரை கிட்டத்தட்ட ஐந்து லட்சம் இந்தியர்கள் வந்திறங்கினார்கள். எந்திரம் ஆளைக் குறைக்கும் என்றால், எந்திரம் வந்த பிறகு இத்தனை ஆட்களைக் கடல்கடந்து ஏன் கொண்டுவர வேண்டும்? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் தொழில்மயமாதல் பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

ஏழு கறிப் பந்தியில் ஒரு கிரைண்டர்

காவடித் திருவிழாவுக்குக் கோயிலில் ஐந்நூறு பேருக்கு வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. முன்பு பத்துப் பெண்கள் விடியுமுன் உட்கார்ந்து ‘ரோஷ் காரி’யில், அதாவது அம்மிக்கல்லில், மசாலா அரைப்பார்கள். கோயிலுக்கு ஒரு பெரிய கிரைண்டர் வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மசாலா காலை ஏழு மணிக்கே தயார். அதனால் பந்தி சீக்கிரம் தொடங்குமா? தொடங்காது. விறகடுப்பில் சோற்றுப் பானை இன்னும் கொதிக்கவில்லை. அடுப்பைக் கூட்டினால் பரிமாற ஆள் போதாது.

அடுத்த வருடம் நிர்வாகக் குழு, “கிரைண்டர்தான் இருக்கிறதே, ஆயிரம் பேரைக் கூப்பிடலாம்” என்று முடிவெடுக்கும். அரைக்கும் வேலைக்கு ஒருவர் போதும். காய் நறுக்கவும் இலை கழுவவும் பரிமாறவும் முன்பைவிட இரண்டு மடங்கு ஆள் வேண்டும்.

ஒரு வேலைச் சங்கிலியில் மிக மெதுவாக நடக்கும் படியை இந்தக் கட்டுரையில் ‘இடுக்கு’ என்று சொல்வோம். மொத்த வேகத்தைத் தீர்மானிப்பது அதுதான். ஓர் இடுக்கை எந்திரம் திறந்துவிட்டால் நெருக்கடி மறையாது, எந்திரம் எட்டாத அடுத்த படிக்கு நகரும்.

தொழில்மயமாதல் என்பது என்ன?

ஒரு நாடு பொருள்களைச் செய்யும் முறை கைவலிமை, கால்நடை வலிமை என்ற எல்லையைத் தாண்டி, எரிபொருளில் ஓடும் எந்திரத்தின் மேல் நிற்பதே தொழில்மயமாதல். அதோடு கூடவே வருபவை பல: வேலை வீட்டிலிருந்து ஆலைக்கு மாறுவது, ஒரே ஆள் முழுப் பொருளையும் செய்யாமல் ஆளுக்கொரு படியாகப் பிரிவது, சூரியனைப் பார்த்து வேலை செய்த இடத்தில் கடிகாரத்தைப் பார்த்துச் செய்வது.

வேர் ஆற்றல்தான். ஒரு மனிதர் நாள் முழுவதும் உழைத்தால் சராசரியாக 75 வாட் ஆற்றல் தரலாம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். ஆகப் பத்துக் குதிரைத்திறன் கொண்ட ஒரு சிறிய நீராவி எந்திரம் நூறு பேருக்குச் சமம். அதற்குத் தூக்கம் வராது, மழைக்காலம் கோடைக்காலம் என்ற பேதமும் கிடையாது. தாமஸ் நியூகாமன் 1712இல் செய்த எந்திரம் சுரங்கத்து நீரை இறைக்கத்தான் பயன்பட்டது. நிலக்கரியைக் கண்டபடி தின்றது. ஜேம்ஸ் வாட், நீராவியைக் குளிர்விக்கத் தனி அறை வைக்கும் முறைக்கு 1769இல் காப்புரிமை பெற்றார். சிலிண்டரை ஒவ்வொரு தடவையும் சூடாக்கிக் குளிர்விக்கும் வீண்செலவு அதனால் ஒழிந்தது. 1780களில் எந்திரம் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கியதும் நூல், மாவு, இரும்பு, கரும்பு என எதையும் அதோடு இணைக்க முடிந்தது.

லங்காஷயரில் நகர்ந்த இடுக்கு

இங்கிலாந்தின் பருத்தித் தொழிலில் இடுக்கு நகர்ந்த கதையைத் தேதியோடு பின்தொடரலாம். 1733இல் ஜான் கே செய்த பறக்கும் நாடா நெசவை வேகப்படுத்தியது. நூற்பவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. நூல் பஞ்சம் வந்தது. 1760களில் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி, பிறகு ஆர்க்ரைட்டின் நீர்ச்சட்டம், 1779இல் கிராம்ப்டனின் மியூல் என்று நூற்பு எந்திரங்கள் வரிசையாக வந்தன. இப்போது நூல் குவிந்தது, நெசவாளர் போதவில்லை. 1785இல் விசைத்தறி. அதற்குப் பிறகு கச்சாப் பஞ்சுக்கு நெருக்கடி. 1793இல் அமெரிக்காவில் எலி விட்னி கொட்டை நீக்கும் எந்திரம் செய்தார்.

கொட்டை நீக்குவது எளிதானதும் அமெரிக்கத் தென் மாநிலங்களில் பருத்தி நிலம் பெருகியது. பஞ்சு பறிக்க மட்டும் எந்திரம் இல்லை. ஆகவே அடிமைகளின் எண்ணிக்கையும் பெருகியது. மான்செஸ்டர் ஆலையின் நவீனமும் மிசிசிப்பி வயலின் அடிமைத்தனமும் ஒரே சங்கிலியின் இரு முனைகள். ஒன்றை முன்னேற்றம் என்றும் மற்றதைப் பழைய காலத்தின் எச்சம் என்றும் தனித்தனியாக எழுதும் பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. சோழமண்டலக் கரையின் கைத்தறித் துணி தன் வெளிநாட்டுச் சந்தையை இழந்ததும் இதே சங்கிலி இழுத்த இழுப்பில்தான்.

இதுவரை பார்த்தது: ஆற்றல் மலிவானால் ஒரு படி வேகமாகும்; நெருக்கடி அடுத்த படிக்குப் போகும்; அங்கே எந்திரம் இல்லையென்றால் மனிதக் கைகளுக்கான பசி கூடும்.

வெட்டிய கரும்பு காத்திருக்காது

இனி நம் தீவுக்கு வருவோம். டச்சுக்காரர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்தார்கள். பிரெஞ்சு ஆளுநர் லாபூர்தொனே 1740களில் ஆலைத் தொழிலுக்கு அடித்தளம் போட்டார். ஆனாலும் சர்க்கரை தீவையே விழுங்கியது 1825க்குப் பிறகுதான். அந்த ஆண்டு பிரிட்டன், மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரைக்கு இருந்த குறைந்த இறக்குமதி வரியை மொரிசியஸ் சர்க்கரைக்கும் அளித்தது. ஏறக்குறைய 10,000 டன்னாக இருந்த உற்பத்தி 1850களின் நடுவில் ஒரு லட்சம் டன்னை எட்டியது.

கரும்புக்கு ஒரு குணம் உண்டு. வெட்டிய கணத்திலிருந்து அதிலுள்ள சுக்ரோஸ், அதாவது சர்க்கரை, உடையத் தொடங்கிவிடும். ஒரு நாளைக்குள், மிஞ்சினால் இரண்டு நாளைக்குள் பிழிய வேண்டும். தாமதித்தால் சர்க்கரை படிகமாகாது, கழிவுப்பாகுதான் கூடும். நெல்லைப்போல அறுத்துப் போரில் அடுக்கிவைக்க முடியாது. அதனால் ஆலை வயலின் நடுவிலேயே இருக்க வேண்டும். வெட்டுபவர், ஏற்றுபவர், வண்டியோட்டுபவர் எல்லோரும் ஆலையில் கரும்பு பிழியும் உருளைக்கு ஏற்ற வேகத்தில் ஓட வேண்டும். ஜூன் முதல் டிசம்பர் வரையிலான ‘கூப்’ காலத்தில், அதாவது அறுவடைக் காலத்தில், ஆலை நின்றால் வண்டியில் கரும்பு கெடும். வண்டி தாமதித்தால் கொதிகலன் வீணாக எரியும். இதை வெறும் விவசாயம் என்பது எனக்கு ஒப்பவில்லை. தையல் ஆலை வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகள் முன்பே இந்த வயல்கள் தொழிற்சாலையின் நேரத்துக்குக் கட்டுப்பட்டவை.

ஆலைக்குள் நடப்பது இது. கத்திகள் கரும்பைத் துண்டாக்கும். மூன்று மூன்று உருளைகள் கொண்ட பிழிவான்கள் வரிசையாக நின்று பிழியும். கடைசி உருளைகளுக்கு முன் சக்கையில் தண்ணீர் தெளித்து மிச்ச இனிப்பையும் கழுவி எடுப்பார்கள். சாற்றில் சுண்ணாம்புப் பால் கலந்து கொதிக்கவைத்தால் அழுக்கு திரண்டு அடியில் படியும். சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளித்தன்மையிலேயே நின்று, சூடு பட்டதும் சுக்ரோஸ் உடையும். அதிகமானால் சர்க்கரை கருக்கும். தெளிந்த சாற்றைச் சுண்டவைத்துப் பாகாக்கி, பாகைப் படிகமாக்கி, வேகமாகச் சுழலும் துளைக்கூடையில் போட்டால் கழிவுப்பாகு வெளியே தெறிக்கும், சர்க்கரை உள்ளே நிற்கும்.

மாடு இழுத்த பழைய பிழிவான் சாற்றில் பாதிக்குச் சற்று மேலாகத்தான் எடுத்தது. இன்றைய வரிசைப் பிழிவான்கள் கரும்பிலுள்ள சர்க்கரையில் 95 சதவீதத்துக்கு மேல் எடுக்கின்றன. 100 கிலோ கரும்பிலிருந்து 10 முதல் 11 கிலோ சர்க்கரையும், 30 கிலோ அளவுக்குச் சக்கையும், 3 கிலோ அளவுக்குக் கழிவுப்பாகும் கிடைக்கும்.

ஒரே நீராவி, மூன்று தடவை

பிழிவது வேகமானதும் இடுக்கு கொதிக்கும் பாத்திரத்துக்கு வந்தது. பலர் கவனிக்காத படி இதுதான்; கணக்குப் போட்டால் சுவையானது.

100 கிலோ கரும்பைப் பிழிந்து தண்ணீரால் கழுவினால் ஏறக்குறைய 100 கிலோ சாறு வரும். அதில் கரைந்திருப்பது 14 கிலோ என்று கொள்வோம். பாகில் 65 சதவீதம் திடப்பொருள் இருக்க வேண்டும். அப்படியானால் பாகின் எடை 21 கிலோவுக்குச் சற்று மேல். மிச்சம் 78 கிலோ தண்ணீரை விரட்டியாக வேண்டும். ஒரு கிலோ நீராவி ஏறத்தாழ ஒரு கிலோ தண்ணீரைத்தான் ஆவியாக்கும். எனவே நேரடியாகக் கொதிக்கவைத்தால் 78 கிலோ நீராவி தேவை. கிடைக்கும் 30 கிலோ சக்கையைக் கொதிகலனில் போட்டால், நல்ல கொதிகலனாகவே இருந்தாலும், 60 முதல் 65 கிலோ நீராவிதான் வரும். கணக்கு உதைக்கிறது.

திறந்த கொப்பரைகளை வரிசையாக வைத்து ஒரே அடுப்பில் காய்ச்சிய காலத்தில் நிலைமை இன்னும் மோசம். சக்கையை முற்றத்தில் பரப்பி வெயிலில் உலர்த்த ஆள் வேண்டும். மழை வந்தால் அதுவும் போச்சு. பற்றாக்குறைக்குக் காட்டு மரம் எரிந்தது. கரும்புக்கு நிலம் வேண்டியும் அடுப்புக்கு விறகு வேண்டியும் தீவின் காடு இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டது.

இதற்கு வழி கண்டவர் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பினப் பொறியாளர் நோர்பெர் ரிலியூ. 1840களில் அவர் காப்புரிமை பெற்ற முறைக்குப் ‘பன்னிலை ஆவியாக்கம்’ என்று பெயர். காற்றழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் என்பதுதான் அடிப்படை. முதல் கலனில் சாறு 100 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அதிலிருந்து எழும் ஆவியை வீணாக வெளியே விடாமல் இரண்டாவது கலனைச் சூடாக்க அனுப்புகிறார்கள். இரண்டாவது கலனில் அழுத்தம் குறைவு என்பதால் அந்தச் சூடு போதும். அதன் ஆவி மூன்றாவதுக்கு. அங்கே வெற்றிடம் இன்னும் கூடுதல். 60 டிகிரி அளவிலேயே பாகு கொதிக்கும். ஒரு கிலோ நீராவி மூன்று கலன்களிலுமாக ஏறத்தாழ மூன்று கிலோ தண்ணீரை விரட்டுகிறது. 78 கிலோ தேவைப்பட்ட இடத்தில் 26 கிலோ போதும். குறைந்த சூட்டில் காய்வதால் சர்க்கரை கருகுவதும் இல்லை.

எரிபொருளுக்குக் கைநீட்டிய ஆலை, சக்கையை மிச்சம் பிடிக்கும் ஆலையாக மாறியது இப்படித்தான். இன்று ஆலைகள் மின்சாரம் விற்பதற்கு முதல் வாசல் இதுதான்.

வயலில் கத்தி மாறவில்லை

பிழிவும் கொதிப்பும் வேகமெடுத்தன. இடுக்கு வயலுக்குப் போய் அங்கேயே நூற்றைம்பது ஆண்டு உட்கார்ந்துகொண்டது.

ஒரு நல்ல கை ஒரு நாளைக்கு மூன்று டன் கரும்பு வெட்டும் என்று கொள்வோம். தினம் 100 டன் பிழியும் ஆலைக்கு 34 வெட்டுக் கத்திகள் வேண்டும். தலையில் சுமந்து வண்டியில் ஏற்றுபவர் தனி. உருளையைப் பெரிதாக்கி 200 டன் பிழிந்தால் 67 கத்திகள். உருளை எத்தனை பெரிதானாலும் கத்தியின் வேகம் கூடவில்லை. பள்ளம் தோண்டுவது, நடுவது, வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்புக்குக் களையெடுப்பது எல்லாமே கைவேலை. இந்தத் தீவின் மண்ணில் எரிமலைப் பாறை வேறு. கரும்புக் காட்டின் நடுவே பிரமிடுபோல் குவிந்திருக்கும் கருங்கற்கள் அனைத்தும் மனிதக் கைகள் பொறுக்கிப் போட்டவை. அறுவடை எந்திரம் உலகில் வந்த பிறகும் பல வயல்களில் ஓட முடியாததற்கு இந்தக் கற்களே காரணம். அவற்றை அகற்றிச் சமன்செய்த பிறகே எந்திரம் இறங்கியது.

1835இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்கள் அதே வயலில் தொடர விரும்பவில்லை. ஆலைகளோ வேகமெடுத்திருந்தன. அந்த இடைவெளியை நிரப்பத்தான் கல்கத்தா, சென்னை, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் வந்தன. பிரெஞ்சுக் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தர், தச்சர் என்று கைத்தொழில் தெரிந்த தமிழர் வந்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் வந்த தமிழரின் நிலை வேறு. ஐந்து ஆண்டு ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் ஐந்து ரூபாய், அதோடு அரிசி பருப்பு. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கும் ‘இரட்டை வெட்டு’ என்ற விதியும் இருந்தது.

அந்த விதியை முதலாளியின் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதிதான் புரியும். கொடுமைதான், சந்தேகமில்லை. ஆனால் அது ஆலைக் கணக்கிலிருந்து பிறந்தது: வெட்டுபவர் ஒருவர் வராவிட்டால் அன்றைக்கு இழப்பு அவர் கூலியோடு நிற்பதில்லை, கொதிகலன், உருளை எல்லாம் அரைவயிற்றில் ஓடும். விலையுயர்ந்த எந்திரம் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக மலிவான மனிதரைக் கட்டிப்போட்டார்கள். 1871இல் அடால்ஃப் தெ ப்ளேவிட்ஸ் என்ற தோட்டக்காரர் தொழிலாளர் குறைகளை மனுவாகத் திரட்டிய பிறகுதான் அரச ஆணையம் விசாரிக்க வந்தது.

சுருக்கமாக: நீராவி, ஆலைக்குள் ஆளைக் குறைத்தது, வயலில் ஆளைப் பெருக்கியது.

ரயில் வந்ததும் ஆலைகள் குறைந்தன

1850களின் இறுதியில் தீவில் 250க்கும் மேற்பட்ட ஆலைகள் இருந்தன. மாட்டு வண்டி ஒரு நாளில் போய்வரும் தூரமே ஓர் ஆலையின் எல்லை. 1864இல் வடக்கு ரயில் பாதை திறந்தது. பிறகு தோட்டங்களுக்குள் சிறு தண்டவாளங்கள், அதன்பின் லாரி. கெடாமல் கொண்டுசேர்க்கும் தூரம் நீண்டதும் பக்கத்துப் பக்கத்து ஆலைகளுக்கு அவசியம் இல்லாமல் போனது. பெரிய ஆலையில் ஒரு டன்னுக்கான செலவு குறைவு, சிறியவை மூடின. இன்று மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1999இல் மூடிய போ ப்ளான் ஆலை இப்போது சர்க்கரை அருங்காட்சியகம்.

ரயில் கரும்பை மட்டும் சுமக்கவில்லை. 1867இல் மலேரியா போர்ட் லூயிஸைச் சூறையாடியபோது, வசதியுள்ளவர்கள் குளிர்ந்த மேட்டு நிலத்தில், க்யூர்பிப் பக்கம் குடியேறி ரயிலில் அலுவலகம் போய்வந்தார்கள். வீடு ஓர் ஊரில், வேலை மற்றோர் ஊரில் என்ற வாழ்க்கை அன்று தொடங்கியது. நிலமெல்லாம் கரும்பானதால் அரிசி கப்பலில் வந்தது. கூப் காலத்தில் கையில் காசு, இடைக்காலத்தில் சீனர் கடையில் நோட்டுப் புத்தகக் கடன் என்று ஆலையின் சுழற்சியே வீட்டு அடுப்பின் சுழற்சியும் ஆனது.

தராசு யார் கையில்?

பெரிய நிலங்களைத் துண்டுபோட்டு விற்கும் ‘மொர்செல்மான்’ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேகம் பிடித்தது. ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகள் பலர் ஓரிரு ஆர்ப்பான் (ஓர் ஆர்ப்பான் ஏறக்குறைய ஓர் ஏக்கர்) நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். நிலம் கிடைத்தது; ஆலை கிடைக்கவில்லை. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் விற்றாக வேண்டும், பக்கத்தில் இருப்பதோ ஒரே ஆலை. தராசும் அந்த ஆலையுடையது, விலை சொல்வதும் அதுதான். சங்கிலியில் ஒருவர் மட்டுமே கடந்தாக வேண்டிய வாசலை வைத்திருந்தால் லாபம் அவரிடமே தேங்கும்.

1937இல் இது வெடித்தது. ‘ஊபா’ என்ற கரும்பு வகை வறண்ட, மெலிந்த மண்ணிலும் வளரும். சிறு விவசாயிகள் அதை நிறைய நட்டிருந்தார்கள். அதில் சர்க்கரை குறைவு என்று சொல்லி ஆலைகள் அதற்கு 15 சதவீதம் விலையைக் குறைத்தன. யூனியன் ஃப்ளாக் தோட்டத்தில் ஆகஸ்டில் கூடிய கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது; உயிர்கள் போயின. மறு ஆண்டே தொழிலாளர் சங்கங்களுக்குச் சட்டத்தில் இடம் பிறந்தது. 1943 செப்டம்பர் 27 அன்று பெல் வ்யூ ஹாரெல் தோட்டத்தில் கூலி கேட்டு நின்றவர்கள்மேல் காவல்துறை சுட்டதில் அஞ்சலை குப்பன் உட்பட நால்வர் இறந்தார்கள். அவர் அப்போது கர்ப்பிணி. அந்த ஊரின் விளையாட்டரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சாக்கு, துறைமுகம், தையல் ஆலை

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். சர்க்கரை முதலில் வாக்குவா என்னும் தாழை இன ஓலையில் முடைந்த பைகளில் போனது. ஏழைப் பெண்கள் பலருக்கு அந்தப் பைமுடைதலே வருமானம். பிறகு சணல் சாக்கு. 1980இல் போர்ட் லூயிஸில் மொத்தச் சர்க்கரை முனையம் திறந்து, சர்க்கரை பையில்லாமலே சுழலும் கன்வேயர் பட்டையில் ஓடிக் கப்பலில் கொட்டியது. முதுகில் மூட்டை சுமந்த துறைமுகத் தொழிலாளிகளுக்கு இங்கே எந்திரம் உண்மையிலேயே வேலையைப் பறித்தது. காரணம் தெளிவு: அந்தப் படிக்குப் பிறகு தீவில் வேறு படி இல்லை. நெருக்கடி நகர இடம் இருந்தால்தான் ஆட்களும் நகர முடியும்.

தையல் ஆலைகள் அந்த நேரத்தில் வளர்ந்தது நல்ல காலம். 1980களின் தொடக்கத்தில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்தது. பத்தாண்டுக்குள் ஆலைகள் ஆள் தேடி அலையும் நிலை வந்தது. முதன்முறையாகத் தங்கள் பெயரில் மாதச் சம்பளம் வாங்கிய பெண்கள் ஆயிரக்கணக்கானோர்.

இன்று சங்கிலி தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. சக்கையை 82 பார் அழுத்தக் கொதிகலனில் (காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 82 மடங்கு) எரித்து பெல் வ்யூ, லா பராக் போன்ற இடங்களில் மின்சாரம் எடுக்கிறார்கள்; கூப் முடிந்து சக்கை தீர்ந்தால் அதே கொதிகலன் இறக்குமதி நிலக்கரிக்கு மாறும். ஐரோப்பா 2006க்கும் 2009க்கும் இடையில் சர்க்கரை விலையை 36 சதவீதம் குறைத்த பிறகு சிறு விவசாயிகள் பலர் நிலத்தைத் தரிசாக விட்டார்கள். கொதிகலனுக்கு வேலை இருக்கிறது, வயலில் கரும்பு இல்லை. ஒரு டன் கரும்பு குறையும்போது சர்க்கரையோடு 300 கிலோ சக்கையும் குறைகிறது. அந்த அளவு மின்சாரத்துக்கு நிலக்கரிக் கப்பல் வர வேண்டியிருக்கிறது.